மோனல் பறவையின் படம் போட்டுச் செம்போத்தைக் காட்டியது குறித்த புகார்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
சுற்றுலா முன்பதிவு அலுவலகம், சேலம்.

பொருள்: மார்ச் 14, 15 ஆகிய நாள்களில் தாங்கள் நடத்திய ஏற்காடு பறவை நோக்கல் பயணம் – தவறான விளம்பரம் – கட்டணத்தில் பாதியைத் திருப்பித் தரக் கோருதல்.

ஐயா,

'சேர்வராயன் மலையில் அரிய மலை ஃபெசன்ட்' (ஃபெசன்ட் என்பது கோழியினப் பறவை) என்று தாங்கள் அச்சிட்டு வழங்கிய துண்டறிக்கையை நம்பி, எனக்கும் என் பேத்திக்குமாகத் தலைக்கு 4,200 ரூபாய் வீதம் 8,400 ரூபாய் செலுத்தி மேற்கண்ட பயணத்தில் கலந்துகொண்டேன். அறை, வேன், சாப்பாடு எதிலும் எனக்குக் குறையில்லை. இரண்டாம் நாள் காலையில் பரிமாறிய பொங்கல் நன்றாகவே இருந்தது. என் புகார் முழுவதும் பறவையைப் பற்றியது.

துண்டறிக்கையில் இருப்பது இமாலய மோனல் சேவலின் படம். உத்தராகண்ட் மாநிலப் பறவையான அது, இமயமலைத் தொடரில் ஏறத்தாழ 2,400 மீட்டருக்கு மேல் வாழ்வது. ஏற்காட்டின் உயரம் 1,500 மீட்டரை ஒட்டியது. அதற்கு மேல் உயரமான மலைகள் தென்னிந்தியாவில் உண்டு என்றாலும் அங்கும் மோனல் கிடையாது. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போனால் பார்த்துவிடக் கூடிய பறவை அன்று அது. இதை முன்பே விசாரிக்காதது என் தவறுதான், ஆனால் அந்தப் படத்தை அச்சிட்டது என் தவறன்று.

முதல் நாள் மாலை, நாகலூர் சாலையோரத்துக் காப்பித் தோட்ட வேலியில் ஒரு பறவையைச் சுட்டிக்காட்டி, "இதுதான் சார் மலை ஃபெசன்ட், சீக்கிரம் போட்டோ எடுத்துக்குங்க" என்றார் தங்கள் வழிகாட்டி. கரிய உடல், செங்காவி நிறச் சிறகு, சிவந்த கண். "தாத்தா, இது நம்ம தோட்டத்துச் செம்போத்துதானே?" என்று என் பேத்தி கேட்டதும் வேனில் இருந்த பதினொரு பேரும் சிரித்துவிட்டார்கள். அயோத்தியாபட்டணத்தில் உள்ள எங்கள் கிணற்றுமேட்டில் தினமும் காலையில் 'ஊப் ஊப்' என்று கூப்பிடும் அதே பறவைதான். பழைய ஆங்கில நூல்களில் அதற்குக் 'க்ரோ ஃபெசன்ட்' என்று பெயர் இருப்பதை வழிகாட்டி ஆதாரமாகச் சொன்னார். பெயர் உண்மை. ஆனால் செம்போத்து குயில் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்நாட்டுக்குப் புதிதாக வந்த வெள்ளைக்காரர்கள் அதை ஃபெசன்ட் என்று நம்பி ஏமாந்த கதையும் அந்த நூல்களிலேயே உண்டு. சேலத்துக்காரர்களையும் அதே கணக்கில் சேர்த்துவிட்டீர்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

இதைவிடப் பெரிய குறை மறுநாள் காலை நேர்ந்தது. ஆறரை மணியளவில், மூங்கில் புதருக்கு அப்பால் காட்டுக்கோழிச் சேவல் ஒன்று விட்டுவிட்டுக் கூவியது. வண்டியை நிறுத்துமாறு நான் கேட்டதற்கு, "வெறும் காட்டுக்கோழிதானே சார்" என்றார் வழிகாட்டி. உண்மையில் அந்த இரண்டு நாள்களில் நாங்கள் எதிர்கொண்ட ஒரே ஃபெசன்ட் குடும்பத்துப் பறவை அதுதான். சாம்பல் நிறக் காட்டுக்கோழி இந்தியத் தீபகற்பத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழ்வதில்லை. நம் வீட்டுக் கோழிகளின் காலில் காணும் மஞ்சள் நிறம் இதன் வழியாக வந்தது என்று மரபணு ஆய்வாளர்கள் 2008இல் கண்டறிந்தார்கள். வற்புறுத்தி இறங்கிய நான் ஏறக்குறைய அரை நிமிடம் அதைப் பார்த்தேன். அரக்குத் துளி உறைந்தாற்போல மஞ்சள் புள்ளிகள் பதிந்த கழுத்திறகுகள், சருகைக் கிளறி நின்று தலை தூக்கிய நிலை, வளைந்து தாழ்ந்த கருநீல வால். பேத்தியைக் கையசைத்துக் கூப்பிடுவதற்குள் ஓட்டுநர் நேரமாகிறது என்று ஹாரனை இரண்டு முறை அழுத்த, சேவல் புதருக்குள் ஓடி மறைந்துவிட்டது. பேத்தி அதைப் பார்க்கவேயில்லை. பறவை பார்க்க அழைத்துப்போகும் வண்டியில் ஹாரன் அடிக்கக் கூடாது என்பதை ஓட்டுநருக்குச் சொல்லித் தராமல் எப்படி அனுப்பினீர்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

எனவே, செலுத்திய தொகையில் பாதியான 4,200 ரூபாயைத் திருப்பித் தருமாறும், துண்டறிக்கையிலும் அலுவலக முகப்புப் பலகையிலும் உள்ள மோனல் படத்தை அகற்றுமாறும் கேட்டுக்கொள்கிறேன். அந்த இடத்தில் காட்டுக்கோழியின் படத்தைப் போட்டால், அது உண்மையாகவும் இருக்கும், பார்க்கவும் கிடைக்கும். இக்கடிதம் கிடைத்த 15 நாள்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தவறான விளம்பரம் குறித்துச் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு அளிப்பேன் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

கட்டண ரசீதின் நகலும் துண்டறிக்கையும், வழிகாட்டி எடுத்துக்கொள்ளச் சொன்ன செம்போத்துப் படமும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
அஸ்தம்பட்டி, சேலம்.