ஏட்டுப்பெட்டித் திருப்பணி: நிறைவு அறிக்கையும் வரவு செலவும்

மேல்தெரு, கீழ்தெரு வரிதாரர்கள் அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டு மலையில் நம் ஊர்ப் பொதுப்பெட்டியில் இருந்த 41 கணக்கு ஏடுகள், மொத்தம் 6,400 பக்கங்கள், படம் பிடித்து முடிந்தன. மதிப்பீடு ரூ.1,85,000. செலவு ரூ.2,31,400. கூடிப்போன ரூ.46,400 பற்றித்தான் இரண்டு தெருவிலும் பேச்சு என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

ஸ்கேன் வேலையைச் சேலத்து ஒப்பந்ததாரர் ஒருவரிடம் பக்கத்துக்கு ரூ.6 என்று ரூ.38,400-க்கு விட்டோம். பாதி, அதாவது ரூ.19,200, முன்பணம். 11 நாளில் முடித்துக் கொடுத்தார். பார்வைக்குப் பளிச்சென்று இருந்தது. கோளாறே அந்தப் பளிச்சில்தான். கறுப்பு வெள்ளை என்ற இரண்டே நிறத்தில் ஸ்கேன் செய்து, ‘கறை நீக்கம்’ என்ற வசதியையும் போட்டிருக்கிறார். அப்படிச் செய்தால் மங்கலான சாம்பல் நிறம் எல்லாம் வெள்ளையாகிவிடும். பென்சில் எழுத்தும் சாம்பல் நிறம்தானே.

சித்திரபானு வருஷத்து ஏட்டின் 17-ஆம் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கீழ்தெரு வீடு ஒன்றின் வரி 0-12-0, பன்னிரண்டு அணா, மையில் எழுதியிருக்கிறது. இடது ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு ‘வ’, பக்கத்தில் ஒரு சாய்கோடு. வரவு வந்தாயிற்று என்று பொருள். ஒப்பந்ததாரர் கொடுத்த படத்தில் அந்த ஓரம் வெறும் வெள்ளை. அதைப் பார்ப்பவர் பாக்கி என்றுதான் படிப்பார். அந்த ஓர் ஏட்டில் மட்டும் 9 வீடுகள் இப்படிப் பாக்கிக்காரர்கள் ஆகியிருந்தன. 7 கீழ்தெரு, 2 மேல்தெரு. எண்பது வருஷத்துக்கு முன் கட்டிய வரியைக் கட்டவில்லை என்று சொல்லும் படத்தை ஊர்ப் பொதுவில் வைக்க முடியாது. சமாதானத்துக்காக எடுத்த வேலையே சண்டைக்கு ஆதாரமாகியிருக்கும்.

ஒப்பந்தத்தில் ‘தெளிவாக’ என்றுதான் இருக்கிறது, தெளிவாகத்தான் கொடுத்தேன் என்றார் அவர். அந்தச் சொல்லை நாங்கள்தான் எழுதினோம். ‘வண்ணத்தில், 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி), டிஃப் கோப்பு (தரம் குறையாமல் வைக்கும் படவகை), ஓரம் வெட்டாமல், கறை நீக்காமல்’ என்று எழுதியிருக்க வேண்டும். ஆகவே முன்பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை, மீதியைக் கொடுக்கவும் இல்லை. அவர் தன் இணையச் சேமிப்பில் வைத்திருந்த நகலை இரு தெரு ஆட்கள் முன்னிலையில் அழிக்க வைத்து, எழுதியும் வாங்கினோம். இதற்கு மூன்று முறை மலை இறங்கி ஏற வேண்டியிருந்தது.

பிறகு தெருவுக்கு ஒருவராக இரண்டு பிள்ளைகளை வைத்து நாமே எடுத்தோம். மேலிருந்து பார்க்கும் கேமரா, இரு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு, பக்கத்தை அமுக்கக் கண்ணாடி: வாடகை ரூ.14,600. நூல் தைத்த ஏட்டைக் கவிழ்த்து அமுக்கினால் முதுகு உடையும் என்பதால்தான் மேலிருந்து எடுத்தது. நாளுக்கு 200 பக்கம், 32 நாள், ஆளுக்கு ரூ.500 வீதம் ரூ.32,000. ஒப்பந்த மீதி ரூ.19,200-ஐக் கழித்தால் கூடுதல் ரூ.27,400. மிச்சம் ரூ.19,000 ஈரம் உறிஞ்சும் கருவிக்கு. பனி இறங்கும் மாதங்களில் பக்கங்கள் ஒட்டிக்கொள்கின்றன. இராமபாணப் பூச்சிக்கும் ஈரம்தான் கொண்டாட்டம். அந்தச் செலவை வீண் என்பவர்கள் 23-ஆம் ஏட்டை வந்து பார்க்கட்டும்.

பெட்டி எந்தத் தெருவில் இருக்கிறதோ அந்தத் தெரு ஏட்டைத் திருத்துகிறது என்ற சந்தேகம் பழையது. அதற்கு இப்போது வழி உண்டு. ஒவ்வொரு படத்துக்கும் ஷா-256 என்ற கணக்குப்படி 64 இடம் கொண்ட முத்திரை எண் எடுத்திருக்கிறோம். படத்தில் ஒரு புள்ளி மாறினாலும் எண் முழுக்க வேறாகும். இரு தெருவின் கணினியிலும் தனித்தனியே போட்டு, ஒத்துப்போன பிறகே அச்சடித்தோம். 128 தாள், எல்லாவற்றிலும் இரு தரப்புக் கையெழுத்து. படங்கள் சுமார் 190 ஜிபி; தெருவுக்கு ஒரு டிஸ்க், மூன்றாவது சேலத்து வங்கிப் பெட்டகத்தில். வாட்ஸ்அப்பில் போடச் சொன்னவர்களுக்கு: அது படத்தைச் சுருக்கிவிடும், பென்சில் கோடு மறுபடி போய்விடும்.

தேடுபட்டியல் யூனிகோடில் முடிந்தது. ஏடுகளில் வருஷப் பெயர் மட்டும் உள்ளது. அறுபது வருஷச் சுற்றில் சித்திரபானு 1942-லும் வரும், 2002-லும் வரும். அணாக் கணக்கு இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முந்தியது என்று வைத்துப் பிரித்தோம்.

குடும்ப வழக்கு, கைமாற்றுக் கடன், நோய் விவரம் உள்ள 212 பக்கங்களைப் பூட்டியிருக்கிறோம். கடவுச்சொல்லின் முன்பாதி மேல்தெருவிடம், பின்பாதி கீழ்தெருவிடம். இதை மறைப்பு என்று சிலர் பேசுகிறார்கள். பாட்டனின் கடனும் பாட்டியின் வழக்கும் பேரப்பிள்ளைகளின் மானம்; அதை ஊர் பார்க்கத் தேவையில்லை என்பதே குழுவின் முடிவு, அதில் மாற்றமில்லை. சாதிப் பெயரும் பட்டப்பெயரும் படத்தில் உள்ளபடி இருக்கும், தேடுபட்டியலில் ஏறாது. பெட்டிக்கு வர்ணம், பூட்டு இரண்டு, வசம்பு: முடிந்தது.

வரவு: மேல்தெரு 52 வீடு, கீழ்தெரு 46 வீடு, வீட்டுக்கு ரூ.1,500 வீதம் ரூ.1,47,000. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக்காரர்கள் ரூ.25,000, பெயர் வேண்டாம் என்ற கீழ்தெரு அம்மா ரூ.20,000, வெல்ல மண்டிக்காரர்கள் ரூ.15,000, இரு தெரு மருமகன்மார் சேர்ந்து ரூ.12,000, மிளகு வியாபாரி ரூ.10,000, பஸ் ஓட்டுநர் ரூ.2,001; பூக்கடைக்காரர் ரூ.1,001. ஆக ரூ.2,32,002. சம்மதம் தந்தவர்களின் பெயர்கள் மண்டபச் சுவரில் உள்ளன.

கையிருப்பு ரூ.602. சந்தேகம் உள்ளவர்கள் மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காலை 10 மணிக்கு மண்டபத்துக்கு வந்து, விரும்பிய பக்கத்தைச் சொல்லி, முத்திரை எண்ணைத் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழு (இரு தெருவும்)