வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு மடல்

அப்பா அம்மாவைக் கூடப்பிறந்தவர்களின் பொறுப்பில் விட்டுவிட்டுத் தூரத்தில் வாழும் பிள்ளைகளுக்கு வணக்கம்.

நானும் உங்களில் ஒருத்திதான். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்றரை வருடமாகிறது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறல்தான். யாராவது விசாரித்தால், "அண்ணன் வீட்டில் இருக்காங்க, அண்ணன் பார்த்துக்கிறார்" என்பேன். அண்ணன் காலையில் வேலைக்குப் போனால் இரவுதான் திரும்புவார். பார்த்துக்கொள்வது அண்ணி. அந்த ஒரு வார்த்தையை மாற்றிச் சொல்ல எனக்கு மூன்று வருடம் ஆனது. இந்தக் கடிதத்தை எழுத அதுதான் முதல் காரணம்.

தினமும் மாலையில் ஃபோன் செய்வேன். அம்மா எப்படி இருக்காங்க, சாப்பிட்டாங்களா, மருந்து கொடுத்தாச்சா? மூன்றுக்கும் அண்ணி பொறுமையாகப் பதில் சொல்வார். சரி அண்ணி, வெச்சிடறேன். பாசத்தில் கேட்டவைதான். ஆனால் நாள் முழுக்க அந்த வேலையிலேயே கிடந்தவரின் காதுக்கு அவை எப்படிக் கேட்டிருக்கும்? கணக்கு கேட்பது போலத்தான். "நீங்க எப்படி இருக்கீங்க அண்ணி?" என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

போன வருடம் அண்ணியின் தங்கைக்குப் பிரசவம். ஒன்பது நாள் அவர் ஊருக்குப் போக வேண்டியிருந்தது, நான் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்தேன். கிளம்பும்போது என் கையில் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொடுத்தார். பாதிக்கு மேல் எழுதியிருந்தது. மருந்து நேரங்கள் இருக்கும் என்று நினைத்துப் பிரித்தேன். இருந்தன. அவற்றுக்கு நடுவே இப்படியும் இருந்தது: "அத்தை தலையை ஆட்டினால் வேண்டாம் என்று அர்த்தம் இல்லை. பயப்படுறாங்க. தோளைத் தொட்டு, இப்போ திருப்பப் போறேன்னு சொல்லிட்டு அப்புறம் திருப்பணும்."

அன்று இரவு இரண்டு மணிக்குத்தான் அந்த வரி எனக்கு முழுதாகப் புரிந்தது. புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். காற்றுப் படுக்கை இருந்தாலும் திருப்பாமல் விட முடியாது. தோளையும் இடுப்பையும் பிடித்து நான் இழுத்தேன், அம்மா முனகினார். இழுக்கக் கூடாது, தோல் உரசிப் புண்ணாகும். அடியில் மடித்துப் போட்ட விரிப்பைப் பிடித்து உருட்ட வேண்டும். முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து, குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் ஒன்று கொடுத்து, பிறகு முதுகைத் தடவிப் பார்க்க வேண்டும். சிவந்திருக்கிறதா? விரலால் அழுத்தினால் அந்தச் சிவப்பு வெளுக்கிறதா? வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இத்தனையும் நோட்டில் இருந்தது. அண்ணிக்கு இதெல்லாம் கையிலேயே இருந்தது. மூன்றரை வருடத்தில் அம்மாவுக்கு ஒரு படுக்கைப்புண்கூட வந்ததில்லை. அதை அம்மாவின் நல்ல நேரம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சாப்பாடு கொடுப்பதும் அப்படித்தான். பக்கவாதம் வந்தவர்களில் பலருக்கு விழுங்குவது தடுமாறும். உணவு மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா வரை கொண்டுபோய்விடும். நிமிர்த்தி உட்கார வைத்து, முகவாயைக் கொஞ்சம் தாழ்த்தச் சொல்லி, சின்னக் கரண்டியால் கொடுத்து, ஒரு வாய் இறங்கியது தெரிந்த பிறகே அடுத்தது. முடிந்ததும் அரை மணி நேரமாவது படுக்க வைக்கக் கூடாது. நான் "சாப்பிட்டாங்களா?" என்று ஒரு சொல்லில் கேட்டது ஒவ்வொரு வேளையும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் பிடிக்கிற வேலை.

நம்மில் பலர் இவர்களைத் தெய்வம் என்கிறோம். "நீங்க தெய்வம் மாதிரி அண்ணி" என்று நானே சொல்லியிருக்கிறேன். இப்போது அந்தச் சொல்லை நினைத்தால் மனசு உறுத்துகிறது. தெய்வம் என்று சொல்லிவிட்டால் அதற்கு முதுகு வலிக்காது, தூக்கம் வராது, கோபம் வராது என்று ஆகிவிடுகிறது. அந்தப் பாராட்டைக் கேட்ட பிறகு "எனக்கு முடியல" என்று எப்படி வாய் திறப்பார்? அண்ணி செய்வது தேர்ந்த கைகள் செய்யும் வேலை. பாராட்டுவதானால் வேலையின் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். "அம்மா முதுகில் ஒரு புண் இல்லை, அது உங்களால்தான்" என்று நான் சொன்னபோது அண்ணி பதிலே பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ரெண்டாவது மாசம் ஒரு இடம் சிவந்துச்சு, பயந்துட்டேன்" என்று ஆரம்பித்து ஒரு மணி நேரம் பேசினார். அதுவரை யாரிடமும் சொல்லாத பேச்சு.

அன்று பேசிக்கொண்டிருந்தபோதுதான் அவர் கைகளைக் கவனித்தேன். சோப்பிலும் தண்ணீரிலும் ஊறி விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது. ஆறவே மாட்டேங்குது என்றார். 1995-ல் அமெரிக்காவில் ஒரு சின்ன ஆய்வு வெளியானது. மறதிநோய் வந்த உறவினரைப் பார்த்துக்கொள்ளும் 13 பெண்கள், அந்தப் பொறுப்பு இல்லாத 13 பெண்கள். எல்லாருடைய கையிலும் 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரே மாதிரி சிறு காயம் செய்து, ஆற எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். பார்த்துக்கொள்கிறவர்களுக்குச் சராசரியாக ஒன்பது நாள் அதிகமாக ஆனது. அண்ணியின் வெடிப்புக்கும் அதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மனதின் பாரம் உடம்பில் இறங்கும் என்பதை அந்த ஒன்பது நாள் காட்டுகிறது.

இந்தப் பாரத்தை அளக்க ஒரு கேள்வித்தாள்கூட இருக்கிறது. ஸ்டீவன் ஸாரிட்டும் அவருடன் இருந்தவர்களும் 1980-ல் உருவாக்கியது, பிறகு 22 கேள்விகளாகச் சுருங்கியது. உங்களுக்கென்று நேரம் இல்லாமல் போகிறதா, இவரை இன்னும் நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று தோன்றுகிறதா என்றெல்லாம் அதில் கேட்பார்கள். இந்த இரண்டாவது கேள்வியைப் படித்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணி அப்படி நினைக்கக் கூடியவர் என்று எனக்குத் தெரியும். நானோ ஃபோனில், "அந்த மருந்தை மாத்திப் பார்க்கலாமே, நெட்டில் போட்டிருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். இருபத்து நாலு மணி நேரமும் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாததை நாம் தூரத்திலிருந்து கண்டுபிடித்துவிட மாட்டோம்.

பணம் அனுப்புகிறோம், சரி. அது வேண்டும், கேட்பதற்கு முன்னால் வேண்டும். ஆனால் பணம் இரவு இரண்டு மணிக்கு எழுந்து அம்மாவைத் திருப்பாது. "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்பதும் உதவி இல்லை. என்ன வேண்டும் என்று யோசித்து, தயங்கி, கேட்கும் வேலையையும் அவர் தலையில்தான் கட்டுகிறோம். நாம் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: அந்த வேலையைக் கற்றுக்கொள்வது. அவர் நிம்மதியாக வெளியே போய் வரும் அளவுக்குக் கற்றுக்கொள்வது. விருந்தாளி போல வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டுப் போகாமல், இரண்டு நாள் கூடவே நின்று பாருங்கள். மூன்றாம் நாள் அவரை அனுப்பிவிட்டு நீங்கள் செய்யுங்கள். அவர் எங்கே போகிறார், போன இடத்தில் தூங்கினாரா, சினிமா பார்த்தாரா என்று கேட்காதீர்கள். முடியாதவர்கள் தூரத்திலிருந்தே ஒரு பொறுப்பை மொத்தமாக எடுத்துக்கொள்ளலாம். மருந்து தீரும் தேதியைக் கவனித்து வாங்கி அனுப்புவது, டாக்டரிடம் நேரம் வாங்குவது, காப்பீட்டுக் காகிதங்கள். எடுத்தால் முழுதாக எடுங்கள், அவர் நினைவூட்டும்படி வைக்காதீர்கள்.

1963-ல் இங்கிலாந்தில் மேரி வெப்ஸ்டர் என்ற பெண், பெற்றோரைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டவர், தன்னைப் போன்றவர்களின் நிலையைப் பற்றிப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். அதைப் படித்த பெண்கள் பலர், நானும் அப்படித்தான் என்று பதில் எழுதினார்கள். 1965-ல் அவர்களுக்கென்று ஓர் அமைப்பே உருவானது. எங்கள் அண்ணி கடிதம் எழுத மாட்டார். அதனால்தான் நான் எழுதுகிறேன், அவரிடம் கேட்டுவிட்டு. "என் பேரைப் போடாதீங்க, நோட்டைப் பத்தி வேணா எழுதுங்க" என்றார்.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒன்பது நாள் என்னுடையது. போன தடவை போனபோது நோட்டின் கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு வரி சேர்ந்தது: இடது பக்கம் திருப்பும்போது அம்மா என் விரலைப் பிடித்துக்கொள்கிறார், கையை உடனே எடுக்க வேண்டாம். அண்ணி திரும்பி வந்து அதைப் படித்துவிட்டு, "அட, இது எனக்குத் தெரியாதே" என்றார்.

அன்புடன்,
உங்களைப் போல ஒரு மகள்