மேலே சில்லிப்பு, அடியில் கொதிப்பு

ஈஸ்ட் ஹாம், லண்டன்
நவம்பர் கடைசி வாரம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் அம்மாவும் நலம்தானே? குளிரை எப்படித் தாங்குகிறாய் என்று அம்மா போனில் ஓயாமல் கேட்கிறாள். இந்த வீட்டுக்குள் குளிரே இல்லை என்று சொல்லுங்கள். அதற்கான ஏற்பாட்டை அவளிடம் விளக்கினால் கொட்டாவி விடுவாள். உங்களுக்குத்தான் பிடிக்கும் என்று எழுதுகிறேன்.

சமையலறைச் சுவரில் ஒரு கேஸ் பாய்லர். அதில் காய்ந்த தண்ணீரை உள்ளே இருக்கும் சின்ன பம்ப் அறை அறையாகத் தள்ளுகிறது. ஜன்னலுக்குக் கீழே தகடு போல நிற்கும் ரேடியேட்டர்களில் சுற்றி, ஆறி, பாய்லருக்கே திரும்புகிறது. அதே தண்ணீர்தான் வருடக்கணக்கில் ஓடுகிறது.

அக்டோபர் கடைசியில் இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைப்பார்கள். அதையொட்டித்தான் நாங்களும் ஹீட்டிங்கைப் போட்டோம். கோடை முழுவதும் சும்மா கிடந்த குழாய்கள் அன்று இரவே களகளவென்று சத்தம் போட்டன. மாடி அறை ரேடியேட்டரின் அடியில் கை வைக்க முடியவில்லை. மேல் விளிம்போ சில்லென்று இருந்தது. பாய்லர் போய்விட்டது என்று என் அறைத்தோழி தீர்ப்பே எழுதிவிட்டாள்.

எனக்கு நம் கிணற்று மோட்டார் ஞாபகம் வந்தது. கிணற்றுக்குள் குழாயின் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு கசிந்து காற்று ஏறிக்கொண்டால் மோட்டார் ஓடும், தண்ணீர் வராது; நீங்கள் குடம் குடமாக ஊற்றி அதை வெளியேற்றுவீர்கள். இங்கேயும் அதே ஏர் லாக்தான். காற்று ரேடியேட்டரின் உச்சியில் போய் உட்கார்ந்துகொள்கிறது, வெந்நீருக்கு அங்கே இடமில்லை. மாறாக மேலே சூடாகவும் அடியில் சில்லென்றும் இருந்தால் துருச்சேறு படிந்திருக்கிறது என்று பொருள். அதற்கு வேறு வைத்தியம்.

ஹீட்டிங்கை அணைத்து நன்றாக ஆறவிட வேண்டும். ரேடியேட்டரின் ஒரு ஓரத்தில், உச்சியில், ஒரு குட்டி வால்வு இருக்கிறது. அதற்கென்று சதுரத் துளை வைத்த பித்தளைச் சாவி கடையில் கிடைக்கிறது. அடியில் பழந்துணியைப் பிடித்துக்கொண்டு கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் கால் சுற்று திருப்பினால் 'உஸ்' என்று காற்று கிளம்புகிறது. துருவேறிய இரும்பின் வாடை. பிறகு துப்பித் துப்பிக் கறுப்புத் தண்ணீர். அது சீராக ஒழுகத் தொடங்கியதும் இறுக்கிவிட வேண்டும். அவசரப்பட்டு முழுவதும் திருகினால் வால்வே கழன்று வந்து சுவரெல்லாம் கறுப்பாகிவிடும். கீழ்த்தளத்தில் தொடங்கி மாடிக்குப் போவது முறை.

வேலை அதோடு முடிவதில்லை. காற்று போனதும் பாய்லரில் பிரஷர் இறங்கிவிடுகிறது. ஆறியிருக்கும்போது பிரஷர் மீட்டரின் முள் 1 முதல் 1.5 பாருக்குள் (பார் என்பது அழுத்தத்தின் அளவு) நிற்க வேண்டும். மிகவும் குறைந்தால் பாய்லர் எரியவே மறுக்கும். அடியில் கம்பிப் பின்னல் போட்ட ஒரு குழாய் இருக்கிறது; அதன் வால்வைத் திறந்து மெயின் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, முள் ஏறியதும் மூட வேண்டும். மூட மறந்தால் 3 பாரில் பாதுகாப்பு வால்வு திறந்துகொண்டு தண்ணீரை வெளியே கொட்டிவிடும்.

இதுவரைதான் எனக்கு உரிமை. கேஸ் ஓடும் பாகத்தில் கை வைக்க 'கேஸ் சேஃப்' பதிவு பெற்ற மெக்கானிக்தான் வர வேண்டும், சட்டம் அப்படி. ஸ்க்ரூடிரைவரும் கையுமாக இருக்கும் உங்களை இங்கே வைத்துச் சமாளிப்பது கஷ்டம் அப்பா.

இப்போது எல்லா அறையும் ஒரே சூடு, மாடி அறை மட்டும் விதிவிலக்கு. அங்கே மறுபடி மறுபடி காற்று சேர்கிறது. எங்கேயோ கசிவு இருக்கலாம். உள்ளே துருப்பிடிக்கும்போதும் ஹைட்ரஜன் உண்டாகுமாம். வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறேன், மெக்கானிக் வெள்ளிக்கிழமை வருகிறார். என்ன சொன்னார் என்று அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அம்மாவுக்குக் கம்பளிச் சாக்ஸ் அனுப்பியிருக்கிறேன். மார்கழியில் கோயிலுக்குப் போய் வந்ததும் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பீரோவில் பூட்டி வைக்க விடாதீர்கள்.

உங்கள் அன்பு மகள்