கைரேகை விழாதவர்களின் விண்ணப்பத்தையும் வாங்கிக்கொள்ளுங்கள்

மருத்துவக் காப்பீடு, முதியோர் உதவித்தொகை, ரேஷன் அட்டை என்று எல்லாவற்றுக்கும் ஆன்லைன் விண்ணப்பத்தை வகுத்து, அதை ஏற்கவும் திருப்பி அனுப்பவும் அதிகாரம் உள்ள அதிகாரிகள் அனைவருக்கும் வணக்கம்.

நான் நீலகிரி மாவட்டம் பந்தலூர் தாலுகாவில் ஒரு எஸ்டேட் லைனில், அதாவது தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்பில், இருக்கிறேன். கொழுந்து பறிக்கும் குடும்பம். கொஞ்சம் படித்தவள், கையில் டச் போன் இருக்கிறது என்பதால் லைனில் யாருக்கு எந்த விண்ணப்பம் போட வேண்டும் என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். திட்டங்களின் விவரம் எல்லாம் உங்களுக்குத் தெரியும், அதை நான் விளக்கத் தேவையில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் சேரலாம். நல்ல திட்டம். எங்கள் லைனிலேயே அதனால் உயிர் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள், அதை மறைத்துவிட்டு உங்களிடம் சண்டை போட வரவில்லை. நான் எழுதுவது அந்தத் திட்டத்தின் வாசல்வரைக்கும் வந்து, உள்ளே போக முடியாமல் நிற்கிறவர்களைப் பற்றி.

எங்கள் லைனில் ஒரு பாட்டி. 1964ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து இங்கே அனுப்பப்பட்ட குடும்பம். அங்கேயும் தேயிலை, இங்கேயும் தேயிலை. கொழுந்து பறித்து, செடியைக் கவ்வாத்து வெட்டிய பிறகு விழுந்த குச்சியான மிலாறைப் பொறுக்கி, உரம் போட்டு, மழையில் ரெட்டு என்ற முரட்டுத் துணியைப் போர்த்திக்கொண்டு நின்ற கைகள். தேயிலைக் கறை ஏறி விரல் நுனி கறுத்துப்போய், பனிக்காலத்தில் வெடித்து, மறுபடி ஆறி, மறுபடி வெடித்து, இப்போது பெருவிரலும் ஆள்காட்டி விரலும் வழவழவென்று இருக்கின்றன. கொழுந்தைக் கிள்ளுகிற விரல்கள் அவைதான். அந்த விரல்களைத்தான் உங்கள் கைரேகைக் கருவி கேட்கிறது.

பாட்டிக்கு இதய வால்வு சுருங்கியிருக்கிறது, மாற்ற வேண்டும் என்று கோயம்புத்தூரில் சொல்லிவிட்டார்கள். நாலு எட்டு மேட்டில் ஏறினால் மூச்சு வாங்குகிறது, ராத்திரியில் படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறார். முன்பிருந்த காப்பீட்டு அட்டை தாத்தா பேரில் இருந்தது. தாத்தா இறந்த பிறகு பாட்டியின் பேர் மகனுடைய ரேஷன் அட்டைக்கு மாறியது, அதனால் காப்பீட்டில் பாட்டியின் பேரைப் புதிதாகச் சேர்க்க வேண்டும் என்றார்கள். சரி என்று வருமானச் சான்றிதழ் வாங்கினோம். இ-சேவையில் விண்ணப்பிக்கத் தேவையான கேன் (CAN) என்ற பதிவு எண்ணுக்கு மகனின் போன் நம்பரைக் கொடுத்து, ஓடிபி வாங்கி, கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் என்று ஒவ்வொரு படியாக நகர்ந்து அது வந்துசேர்ந்தது. அதுவரை ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

அப்புறம்தான் ஆரம்பித்தது. எங்களுக்குக் கைகாட்டப்பட்ட காப்பீட்டுப் பதிவு மையம் மாவட்டத் தலைநகரில் இருக்கிறது. பந்தலூரிலிருந்து ஊட்டி 70 கிலோமீட்டருக்கு மேல். கூடலூர் போய், அங்கிருந்து நடுவட்டம் வழியாக மலை ஏற வேண்டும். இதய நோயாளியை பஸ்ஸில் உட்கார வைத்து அந்த வளைவுகளில் கூட்டிக்கொண்டு போனோம். கூட வருகிற மகனுக்கும் மருமகளுக்கும் அன்றைக்குப் பேர் கிடையாது, அதாவது வேலைக்கு வந்த கணக்கு ஏறாது, சம்பளம் போனது போனதுதான். மையத்தில் இருந்த தம்பி நல்ல பையன், அவரை நான் குறை சொல்லவில்லை. "பாட்டிம்மா, பெருவிரலை வைங்க" என்றார். விழவில்லை. பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். துணியால் துடைத்தார், எண்ணெய் தடவச் சொன்னார், கையைத் தேய்த்துச் சூடாக்கச் சொன்னார். விழவில்லை. கண்ணைக் காட்டச் சொன்னார். பாட்டிக்கு இரண்டு கண்ணிலும் புரை, கருவி எடுக்கவில்லை. முகத்தைக் காட்டிப் பதிகிற வசதி இருக்கிறதே என்று நான் கேட்டேன், தனக்குக் கொடுத்திருக்கும் மென்பொருளில் அது இல்லை என்றார். கடைசியில் ஓடிபி. ஆதாரில் இருப்பது தாத்தாவின் போன் நம்பர். அந்த சிம் காலாவதியாகி இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது, எங்கள் ஓடிபி முன்பின் தெரியாத ஒருவருக்குப் போகிறது.

நம்பரை மாற்றிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். ஆதார் மையத்துக்குப் போனால், நம்பரை மாற்ற விரலை வையுங்கள் என்கிறார்கள். தபால்காரர் வீட்டுக்கே வந்து மாற்றித் தருவார் என்று கேள்விப்பட்டு அவரையும் வரவழைத்தோம், நல்ல மனுஷன், மழையில் லைன்வரை ஏறி வந்தார், அவர் கொண்டுவந்த கருவியிலும் விரல் விழவில்லை. விரல் விழாததால் ஓடிபி வேண்டும், ஓடிபி வர நம்பர் மாற வேண்டும், நம்பர் மாற விரல் விழ வேண்டும். இதை வகுத்தவர்கள் ஒரு தடவையாவது ஒரு தோட்டத் தொழிலாளியின் கையைப் பிடித்துப் பார்த்திருந்தால் இப்படி வைத்திருப்பார்களா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

இதிலேயே என்னை அதிகமாகக் கோபப்படுத்துவது வேறொன்று. காப்பீட்டுத் திட்டத்தின் இலவச உதவி எண்ணுக்கு போன் செய்தேன். "விண்ணப்ப எண் சொல்லுங்கள்" என்றார்கள். எண் இல்லை, விரல் பதிந்தால்தானே விண்ணப்பம் ஏறும், ஏறினால்தானே எண் வரும் என்றேன். எண் இல்லாமல் புகாரைப் பதிவுசெய்ய முடியாது என்று மரியாதையாகச் சொல்லி வைத்துவிட்டார்கள். யோசித்துப் பாருங்கள். எங்கள் பாட்டி உங்கள் கணினியில் எங்கேயும் இல்லை. நிலுவையில் இல்லை. நிராகரிக்கப்பட்டவர் பட்டியலில்கூட இல்லை. மாதாந்திரக் கூட்டத்தில் நீங்கள் எடுத்துப் பார்க்கும் அறிக்கையில், வந்த விண்ணப்பம் இத்தனை, முடித்தது இத்தனை, நிலுவை இல்லை என்று சுத்தமாகத்தான் இருக்கும். மேலே போகும் அந்தக் கணக்கில், விரல் வைத்துப் பார்த்துவிட்டு பஸ் ஏறித் திரும்பிப் போனவர்கள் எந்தக் கட்டத்திலும் வர மாட்டார்கள். ஒருவரை மறுப்பதாக இருந்தால் மறுத்தோம் என்று எழுதியாவது கொடுக்க வேண்டும், அதை வைத்து அவர் மேல்முறையீடு செய்யலாம். இங்கே மறுப்புகூட எழுத்தில் கிடைப்பதில்லை.

ஆகவே நாங்கள் கேட்பது ஒன்றுதான். கைரேகையோ ஓடிபியோ வேலை செய்யாதவர்களின் விண்ணப்பத்தைத் தாளில் வாங்கிக்கொள்ளுங்கள். எண் போட்ட ஒரு ரசீதைக் கையில் கொடுங்கள். தாலுகா அளவிலேயே அதைச் செய்யுங்கள். மற்றதை விசாரித்து முடிவெடுப்பது உங்கள் வேலை, நாங்கள் காத்திருக்கிறோம்.

இது சட்டத்துக்கு வெளியே நின்று கேட்கிற சலுகை இல்லை. கைரேகை விழவில்லை என்பதற்காக யாருக்கும் சலுகையை மறுக்கக் கூடாது, வேறு வழியில் அடையாளம் பார்த்து, அதைத் தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று ஆதார் ஆணையமே 2017 அக்டோபரில் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. 2018 செப்டம்பரில் ஆதார் வழக்கின் தீர்ப்பிலும் இந்தப் பிரச்சினை பேசப்பட்டது. அப்படியிருக்க, மையத்தில் உட்கார்ந்திருக்கும் அந்தத் தம்பியின் கணினித் திரையில் 'விரல் விழவில்லை, வேறு வழி' என்று அழுத்த ஒரு பொத்தான் ஏன் இல்லை? சுற்றறிக்கை டெல்லியிலிருந்து கிளம்பி எங்கே நின்றுவிட்டது?

பாட்டியோடு இது முடியவில்லை. எங்கள் தாலுகாவில் பணியர், காட்டுநாயக்கர் என்ற பழங்குடி மக்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. அங்குள்ள பெரியவர்கள் பலரிடம் போனே கிடையாது, ஓடிபி எங்கே வரும்? ஆதாரில் பிறந்த தேதி தெரியாமல் ஜனவரி 1 என்று போட்டு, வருஷத்தையும் குத்துமதிப்பாகத் தள்ளிப் போட்டுவிட்டதில், 60 வயது தாண்டியும் உதவித்தொகைக்கு வயசு ஆகவில்லை என்று திருப்பப்பட்டவர்கள் எங்கள் லைனிலும் உண்டு. முதியோர் உதவித்தொகையை 2023இல் 1,200 ரூபாயாக உயர்த்தினார்கள், சந்தோஷம், ஆனால் விண்ணப்பமே ஏறாதவருக்கு அது 1,000 ஆனால் என்ன 1,200 ஆனால் என்ன. ஆடி மாதம் தேவாலா பக்கம் மழை பிடித்தால் கரண்ட் போய்விடும், கரண்ட் போனால் டவரும் போய்விடும், சில மேடுகளில் கேரளா டவர்தான் கிடைக்கிறது. சர்வர் வேலை செய்கிற நாளில் கூட்டம், கூட்டம் இல்லாத நாளில் சர்வர் இல்லை. வருமானச் சான்றிதழுக்கு இ-சேவையில் கட்டணம் 60 ரூபாய், ஆனால் அங்கே வரிசையில் நின்று வேலை முடியாமல் தனியார் கடைக்குப் போகிறவர்கள் ஸ்கேன் பண்ண ஒன்று, ஏற்ற ஒன்று, பிரிண்ட் எடுக்க ஒன்று என்று அரை நாள் சம்பளத்தைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். கல்யாண மண்டபத்தில் முகாம் போடுகிறீர்கள். மனுவை வாங்கிக்கொள்கிறீர்கள். கொஞ்ச நாளில் 'இணையவழியில் விண்ணப்பிக்கவும்' என்று குறுஞ்செய்தி வருகிறது. இணையவழியில் முடியவில்லை என்றுதானே மனுவில் எழுதியிருந்தோம்? மனுவைப் படித்தது யார்?

கோபத்தில் நீட்டி எழுதிவிட்டேன், மன்னியுங்கள். கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

வீடு தேடி வருவது அரசாங்கத்தால் முடியாத காரியம் இல்லை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. எங்கள் லைனுக்கு வரும் அக்காவுக்கு ஒவ்வொரு வீட்டிலும் யார், என்ன நோய் என்பது அத்துபடி, பாட்டியை எந்தக் கருவியும் இல்லாமல் பார்த்தவுடனே அடையாளம் சொல்வார். 2024 மக்களவைத் தேர்தலில் 85 வயது தாண்டியவர்களிடம் வீட்டுக்கே வந்து ஓட்டு வாங்கினீர்கள். ஓட்டை வாங்க வீட்டுக்கு வர முடிகிறது என்றால், ஒரு விண்ணப்பத்தாளை வாங்கவும் வர முடியும். அந்த மாத்திரை கொடுக்கும் ஊழியரோ, கிராம நிர்வாக அலுவலரோ, எஸ்டேட் அலுவலகத்தில் ஒரு நாள் உட்கார்ந்து தாளில் வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தால் போதும். எஸ்டேட் பதிவேடு இருக்கிறது, போட்டோ இருக்கிறது, ரேஷன் அட்டை இருக்கிறது, சாட்சி சொல்ல லைனே இருக்கிறது. வருஷக்கணக்காக அந்தப் பாட்டி சம்பளப் பதிவேட்டில் மையைத் தொட்டுக் கைநாட்டு வைத்துத்தான் கூலி வாங்கினார், யாரும் சந்தேகப்படவில்லை. ஏமாற்றுக்காரர்கள் நுழைந்துவிடுவார்கள் என்று நீங்கள் பயப்படுவது எனக்குப் புரிகிறது. ரசீது கொடுத்துவிட்டு நேரில் வந்து விசாரியுங்கள், தவறு இருந்தால் காரணம் எழுதி நிராகரியுங்கள். ஆனால் விரல் தேய்ந்ததை மட்டும் காரணமாக வைத்து வெளியே நிறுத்தாதீர்கள். அது தேய்ந்தது இந்த மலையில் வேலை செய்துதான்.

பாட்டியின் வருமானச் சான்றிதழ், ஆதார், மகனின் ரேஷன் அட்டை, கோயம்புத்தூர் டாக்டர் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட், தாத்தாவின் இறப்புச் சான்றிதழ் எல்லாம் ஒரு பையில் போட்டு என்னிடம் இருக்கின்றன. இன்னும் இதே நிலையில் இருப்பவர்களின் பேரையும் ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன், கேட்டால் தருகிறேன். உங்களில் யாராவது ஒருவர், தாளில் வாங்கிக்கொண்டு ரசீது கொடுக்க அதிகாரம் உள்ள ஒருவரை, தயவுசெய்து எங்கள் லைனுக்கு அனுப்புங்கள். என்றைக்கு வருவார் என்று முதல் நாளே சொல்லிவிட்டால் வேலைக்குப் போகிறவர்களும் லீவு சொல்லிவிட்டு வந்து நிற்பார்கள். மதியத்துக்குள் வருகிற மாதிரி கிளம்பச் சொல்லுங்கள், சாயங்காலம் ஆனால் பாதையில் யானை நிற்கிறது. மெயின் ரோட்டில் பஸ் நிற்கும் இடத்துக்கு நாங்களே வந்து அழைத்துக்கொண்டு போகிறோம்.

இப்படிக்கு,
பந்தலூர் தாலுகாவிலிருந்து ஒரு தோட்டத் தொழிலாளியின் மகள்