வெள்ளைக் கையுறை தந்த பாட்டிக்கு

அம்மா நலம். நேற்று ரசம் சாதம் சாப்பிட்டார், என்னைத் தன் தங்கை என்று நினைத்துக் கொஞ்சம் திட்டினார், தூங்கிவிட்டார்.

அம்மா காணாமல்போன அந்தச் செவ்வாய் இரவு காரை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக அலைந்த அட்லாண்டா நண்பர்கள், வாட்ஸாப்பில் படத்தைப் பரப்பியவர்கள், போலீஸ்காரர்கள், விடிந்ததும் ஃபிளாஸ்கில் காபியோடு வந்து நின்ற எதிர்வீட்டார், எல்லோருக்கும் என் கும்பிடு. பேர் பேராகச் சொன்னால் யாரையாவது விட்டுவிடுவேன்.

ஆனால் ஒருவரைப் பற்றி எழுதியே ஆகவேண்டும். இதை அவரால் படிக்க முடியாது. அவரிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன். இது உங்களுக்காக.

அம்மா படியில் உட்கார்ந்திருந்தாரே, கறுப்பின மக்களின் அந்த பாப்டிஸ்ட் சர்ச், அங்கே நன்றி சொல்ல ஞாயிறன்று அம்மாவையும் கூட்டிப் போனேன். போதகர் பேசத் தொடங்கியதும் அம்மா எழுந்துவிட்டார். எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. கையைப் பிடித்தேன், உதறினார். வாசலில் நின்ற அஷர் பாட்டி (வருகிறவர்களை வரவேற்று உட்காரவைப்பவர்) எங்களை நோக்கி வந்தார். எழுபது வயது இருக்கும், வெள்ளை உடுப்பு, வெள்ளைக் கையுறை. வெளியே போகச் சொல்லப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் தன் கையுறைகளைக் கழற்றி அம்மாவுக்கு மாட்டிவிட்டார். ஒரு கட்டு அட்டை விசிறிகளையும் கையில் கொடுத்தார். (விசிறியின் பின்பக்கம் சவ அடக்க நிலைய விளம்பரம்! அங்கே அது வழக்கம்தான்.)

அம்மா முப்பது வருடம் டீச்சராக இருந்தவர் இல்லையா? பரீட்சைத் தாள் கொடுப்பதுபோல ஒவ்வொரு பெஞ்சு ஓரமாக நின்று, தலையை எண்ணி, விசிறிகளைக் கொடுத்தார். "பேசாம எழுதணும்" என்று தமிழில் அதட்டல் வேறு. அத்தனை பேரும் "எஸ், மேம்" என்றார்கள்.

எப்படித் தோன்றியது என்று அப்புறம் அந்தப் பாட்டியிடம் கேட்டேன். அவர் கணவருக்கும் அம்மாவைப் போலவே டிமென்ஷியா என்ற மறதி நோய் இருந்ததாம். செவிலியரும் ஆய்வாளருமான ஃபேரன் எப்ஸ் இங்கே எமரி பல்கலைக்கழகத்தில் இருந்தபோது தொடங்கிய 'ஆல்டர்' திட்டம், கறுப்பின சர்ச்சுகளோடு சேர்ந்து இதையெல்லாம் சொல்லித்தருகிறது. 'பாம் இன் கிலியட்' அமைப்பு ஜூன் மாத இரண்டாம் ஞாயிறை 'மெமரி சண்டே' என்றே வைத்திருக்கிறது. வெள்ளை இன முதியவர்களைவிட கறுப்பின முதியவர்களுக்கு இந்த நோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று அன்று பிரசங்க மேடையிலிருந்தே சொல்வார்களாம். ஆஸ்பத்திரியில் சொல்லக் கூடாதா என்றேன். "டஸ்கீகி" என்றார், ஒரே சொல்லில். பக்கத்து மாநிலம்தான். 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் என்ற பால்வினை நோய் வந்த கறுப்பின ஆண்களுக்கு மருந்து தராமல் அரசே வேடிக்கை பார்த்த ஊர். டாக்டர் சொன்னால் தயங்குகிறவர்களும் போதகர் சொன்னால் கேட்பார்கள்.

நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? "அம்மாவுக்கு முட்டி வலி, வர முடியவில்லை" என்று இரண்டு வருடமாக உங்களிடம் சொன்னேனே, அது பொய். முட்டிக்கு ஒன்றுமில்லை. எனக்குத்தான் வெட்கம்.

இந்தப் பொங்கல் விழாவுக்கு அம்மா வருகிறார். வாசலில் பன்னீர் தெளிக்க வேறு ஆள் போடாதீர்கள். வெள்ளைக் கையுறையோடுதான் நிற்பார், இன்னும் கழற்ற மாட்டேன் என்கிறார். அதட்டினால், "சரிங்க டீச்சர்" என்று மட்டும் சொல்லுங்கள்.