மூட்டு வருத்தத்துக்கு கை வைத்தியம் போடுங்கோ, ஆனா முழுசாப் போடுங்கோ

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கட பேப்பர்ல வார இறுதியில வாற கை வைத்தியப் பக்கத்தை நான் விடாம வாசிக்கிறனான், பிடிச்சதை வெட்டியும் வச்சிருக்கிறன், அந்த உரிமையில ஒரு விசயம் கேக்கத்தான் இந்தக் கடிதம். மூட்டு வீக்கம், நாள்பட்ட அழற்சி, காலமை எழும்பேக்க கை கால் விறைப்பு எண்டு வந்தா மஞ்சள், இஞ்சி, முடக்கொத்தான் எண்டு எழுதுறீங்க, எழுதுங்கோ, ஆனா அது எந்த வருத்தத்துக்கு, எவ்வளவு, ஆர் எடுக்கக்கூடாது, ஏற்கனவே போடுற குளிசையை என்ன செய்யிறது எண்டு ஒரு வரியும் வாறதில்ல. அந்த ஒரு வரி இல்லாததால எங்கட பக்கத்தில ஆக்கள் விரல் கோணிப்போய் இருக்கிறாங்க, அதை நான் கண்ணால பாத்துக்கொண்டு இருக்கிறன்.

எனக்கு ரூமட்டோயிட் ஆத்ரைட்டிஸ், உடம்பின்ட எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கிற வருத்தம், கன வருசமா. வீட்டில தையல் மெசின் வச்சு பிளவுஸ், ஸ்கூல் யூனிபோர்ம் தைச்சுக் குடுக்கிறன், விரல்தான் எனக்குச் சோறு. கிளினிக்குக்கும் போறன், சாப்பாட்டையும் பாக்கிறன், ரெண்டும் சேந்துதான் இண்டைக்கும் ஊசியில நூல் கோக்க முடியுது. அதால கை வைத்தியத்துக்கு எதிரா எழுதுறன் எண்டு நினைக்காதேங்கோ. பிள்ளை பெத்தாக்களுக்கு உள்ளி, மிளகு, நற்சீரகம், மஞ்சள் எல்லாம் அரைச்சு சரக்குக்கறி வச்சுக் குடுத்து வளத்த வீட்டில பிறந்தவள்தான் நானும்.

சாம்பல்தீவுப் பக்கம் தெரிஞ்ச ஒரு அக்கா இருக்கிறா. அவவுக்கும் இதே வருத்தம்தான். ஆரோ போன்ல அனுப்பின மெசேஜை வாசிச்சிட்டு "இங்கிலீஸ் மருந்து கிட்னியை அடிக்கும்" எண்டு குளிசையை ஒரே அடியா நிப்பாட்டிப்போட்டு லேபல் இல்லாத ஒரு பொடியை வாங்கிக் குடிக்கத் தொடங்கினா. ரெண்டு நாளில நோவு பறந்திட்டு எண்டு எல்லாருக்கும் சொன்னா, எனக்கும் வாங்கித் தரவோ எண்டு கேட்டா. கொஞ்சக் காலம் போக முகம் ஊதி வட்டமாப் போச்சு, பசி கூடிச்சு, முதல் இல்லாத சுகர் வந்திச்சு. பொடி தந்த ஆள் ஊரை விட்டுப் போக பொடியும் நிண்டிட்டு, அதோட அவ கட்டில்ல விழுந்தா. இப்ப ரெண்டு கை விரலும் வெளிப்பக்கமா சரிஞ்சு போய் தேங்காய் துருவக்கூட ஏலாது. நல்ல சுறுசுறுப்பான மனிசி, நினைக்க நெஞ்சு பத்துது.

அந்தப் பொடிக்குள்ள என்ன இருந்தது எண்டு ஒருத்தரும் டெஸ்ட் பண்ணேல்ல, அதால இதுதான் எண்டு நான் சொல்லமாட்டன். ஆனா பொதுவா நடக்கிற விசயம் ஒண்டு இருக்கு. மூலிகை எண்டு விக்கிற பொடிகள், உருண்டைகளுக்குள்ள பிரெட்னிசலோன், டெக்சாமெத்தசோன் மாதிரி, வீக்கத்தையும் நோவையும் கெதியா அமத்திற ஸ்டீரொயிட் மருந்து கலந்திருக்கிறதை கன நாடுகளில பிடிச்சிருக்கிறாங்க. அதைக் கன நாள் எடுத்தாலும் முகம் ஊதும், பசி கூடும், சுகர் ஏறும். ரெண்டு நாளில நோவு முழுசாப் போனா சந்தேகப்பட வேணும், ஏனெண்டா இலை, வேர் ஒண்டும் அவ்வளவு கெதியா வேலை செய்யாது. கன நாள் ஸ்டீரொயிட் எடுத்த உடம்பு தனக்குத் தேவையான ஹோர்மோனைச் செய்யிறதைக் குறைச்சிடும், திடீரெண்டு நிப்பாட்டினா பிரஷர் விழுந்து உயிருக்கே ஆபத்தாகும், டொக்டர் சொல்லச் சொல்ல படிப்படியாத்தான் குறைக்க வேணும். உலோகப் பிரச்சினை வேற. 2004 இல வந்த ஒரு ஆய்வில, அமெரிக்காவில பொஸ்டன் பக்கக் கடைகளில வித்த 70 ஆயுர்வேத மருந்தை எடுத்து டெஸ்ட் பண்ணினதில 14 இல ஈயம், பாதரசம், ஆசனிக் எண்டு ஏதோ ஒண்டு இருந்திச்சு. இப்பிடி ஒரு செய்தியை உங்கட பக்கத்தில ஒருக்காப் போட்டா எவ்வளவு பேர் தப்புவாங்க.

மூட்டு நோவு எல்லாத்தையும் ஒண்டாப் பாக்கிறதுதான் அடுத்த கரைச்சல். முழங்கால் தேஞ்சு வாற நோவு வேற, யூரிக் அசிட் கூடி பெருவிரல்ல நெருப்பா எரியிற கவுட் வேற, உடம்பின்ட எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கிற என்ட வருத்தம் வேற. என்டது மாதிரி எண்டா ரெண்டு கையிலயும் சின்ன மூட்டுகள் ஒரே மாதிரி வீங்கும், காலமை விறைப்பு அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் தாண்டியும் நிக்கும், ஆம்பிளையளை விட பொம்பிளையளுக்கு ரெண்டு மூண்டு மடங்கு கூட வரும். இதில எலும்பு அரிபடத் தொடங்கிறது ஆரம்பத்திலதான், முதல் ஒண்டு ரெண்டு வருசத்திலயே. அந்த நேரத்தை எண்ணெய் பூசிக்கொண்டும் கசாயம் குடிச்சுக்கொண்டும் கழிச்சா பிறகு எந்த மருந்து போட்டாலும் கோணின விரல் நிமிராது. வீக்கம் சில கிழமைக்கு மேல நிண்டா, அழற்சியையும் இந்த வருத்தத்தையும் காட்டுற இஎஸ்ஆர், சிஆர்பி, ரூமட்டோயிட் பக்டர் எண்ட ரத்த டெஸ்டுகளை எடுத்துக்கொண்டு டொக்டரிட்ட போகச் சொல்லி நீங்க எழுதினா காணும், அதுக்குக் கீழ எத்தின கசாயமும் எழுதுங்கோ.

மருந்தைப் பத்தின பயம் எனக்கும் விளங்குது. என்ட வருத்தத்துக்குத் தாற மெத்தோட்ரெக்சேட் எண்டா புற்றுநோய்க்குக் குடுக்கிற மருந்து எண்டு சொல்லிப் பயப்படுத்துறாங்க. புற்றுநோய்க்குக் குடுக்கிறது பெரிய அளவு, இதுக்குக் குடுக்கிறது சின்ன அளவு, அதுவும் கிழமைக்கு ஒரே ஒரு நாள்தான். தயவுசெய்து இதைப் பெரிய எழுத்தில போடுங்கோ: கிழமைக்கு ஒருக்கா, ஒவ்வொரு நாளும் இல்ல. மாறி ஒவ்வொரு நாளும் குடிச்சு செத்த ஆக்கள் இருக்கிறாங்க. கூடவே போலிக் அசிட் தருவாங்க, லிவருக்கும் ரத்தத்துக்கும் டெஸ்ட் எடுக்கச் சொல்லுவாங்க, பிள்ளை பெற இருக்கிறாக்கள் எடுக்கக்கூடாது, சாராயம் கூடாது. வேலை செய்யத் தொடங்க ஆறு தொடக்கம் பன்னிரண்டு கிழமை பிடிக்கும், அதுக்குள்ள பொறுமை இழந்துதான் கன பேர் பொடிக்காரனிட்ட போறாங்க. கிட்னியை நினைச்சுப் பயப்பட வேண்டியது உண்மையில டொக்டரைக் கேக்காம பார்மசியில வாங்கி வாங்கிப் போடுற டைக்குளோபினக், ஐபுபுரோபன் எண்ட நோவுக் குளிசைகளுக்குத்தான். அதுகள் வயித்தையும் புண்ணாக்கும், சுகர் பிரஷர் இருக்கிறாக்களின்ட கிட்னியையும் கெடுக்கும். அங்க குளிசைதான் காரணம் எண்டு சொல்லேல்ல, ஆனா அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கம் கிட்னி வருத்தத்தால எத்தின குடும்பம் அழிஞ்சு போச்சு எண்டு பக்கத்து மாவட்டத்துக்காரரான எங்களுக்குத் தெரியாததே.

இனி மஞ்சளுக்கு வாறன், ஏனெண்டா அதைப்பத்தித்தான் கூட எழுதுறீங்க. மஞ்சள்ல வேலை செய்யிற குர்குமின் எண்ட சாமான் மஞ்சள் தூள்ல நூத்துக்கு மூண்டு பங்கு அளவுதான். ஒரு தேக்கரண்டித் தூள் 3 கிராம் எண்டு வச்சா அதில 90 மில்லிகிராம் வரும், ஆய்வுகளில மூட்டு நோவுக்குக் குடுத்துப் பாத்தது 500, 1000 மில்லிகிராம் எண்ட கணக்கில. அதுவும் குடல்ல லேசில உறிஞ்சுபடாது, மிளகோட சேத்தா கூடும், 1998 இல வந்த ஒரு பெங்களூர் ஆய்வில மிளகில இருக்கிற பைப்பரின் சேத்ததும் ரத்தத்தில 20 மடங்கு கூடினது. எங்கட அம்மாமார் மஞ்சளையும் மிளகையும் தேங்காய்ப்பாலோட சேத்து வச்ச கறியில எவ்வளவு அறிவு இருந்திருக்கு எண்டு நான் ஆச்சரியப்படுறனான். ஆனா மற்றப் பக்கமும் இருக்கு. பைப்பரின் மஞ்சளை மட்டும் இல்ல, நாங்க போடுற வேற குளிசைகளையும் கூட உறிஞ்சப் பண்ணலாம், மிளகுச் சத்து சேத்த மஞ்சள் கப்சூல் குடிச்சு லிவர் கெட்ட ஆக்களும் இருக்கிறாங்க, ரத்தம் உறையாம இருக்க வோர்பரின் எடுக்கிறாக்கள் பெரிய அளவு மஞ்சள், இஞ்சிக் கப்சூலைக் கிட்டவும் எடுக்கக்கூடாது. கறியில போடுறது பிரச்சினை இல்ல, போத்தல்ல அடைச்சு வாறதைத்தான் டொக்டரிட்ட காட்ட வேணும். இன்னொண்டு, 2020 இல மஞ்சள் இறக்குமதியை நிப்பாட்டினாப் பிறகு விலை ஏறி கலப்படமும் எவ்வளவு வந்தது எண்டு எல்லாருக்கும் தெரியும், ஏலுமெண்டா துண்டு மஞ்சள் வாங்கி வீட்டிலயே இடிக்கிறது நல்லம்.

சாப்பாட்டில எனக்கு உண்மையாவே பிடிச்சது மீன்தான். திருகோணமலையில இருந்துகொண்டு நாங்க மீன் எண்ணெய்க் கப்சூலுக்குக் காசு குடுக்கிறதைப் பாத்தா கவலையா இருக்கு. சூடை, சாளை, கும்பிளா எண்டு விலை குறைஞ்ச சின்ன மீனிலதான் ஒமேகா 3 கொழுப்பு கூட இருக்கு. ரூமட்டோயிட் ஆக்களுக்கு மீன் எண்ணெய் குடுத்துப் பாத்த ஆய்வுகளில நாளைக்கு 3 கிராம் அளவு ஒமேகா 3 ஐ மூண்டு நாலு மாசம் எடுத்தாப் பிறகு நோவும் காலமை விறைப்பும் குறைஞ்சிருக்கு, நோவுக் குளிசையும் குறைக்க முடிஞ்சிருக்கு. 100 கிராம் சாளையில சுமார் ஒண்டு ஒன்றரைக் கிராம்தான் வரும், அதால மீனே மருந்தாகும் எண்டு சொல்லமாட்டன், ஆனா கிழமையில மூண்டு நாலு நாள் குழம்பா, சொதியா வச்சுச் சாப்பிடுறது நல்லதுதான். திரும்பத் திரும்பக் கொதிச்ச எண்ணெய்க்குள்ள மொறுமொறுப்பாப் பொரிச்சா அந்த நன்மையும் போயிடும். இதில கவனம், கவுட் இருக்கிறாக்களுக்கு இதே சாளையும் நெத்தலியும் யூரிக் அசிட்டைக் கூட்டும். மூட்டு நோவுக்கு மீன் சாப்பிடுங்கோ எண்டு மொட்டையா எழுதினா ஒருத்தருக்கு நல்லது, மற்றவர் இரவு முழுக்க காலைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு அழ வேண்டி வரும், எந்த வருத்தத்துக்கு எண்டு எழுதச் சொல்லி நான் மண்டாடுறது அதுக்குத்தான்.

சீனியைப்பத்தி உங்கட பக்கத்தில ஒருநாளும் வாறதில்ல, மூலிகை இல்லாதபடியால் போல. எங்கட ஆக்கள் நாளைக்கு அஞ்சாறு தேத்தண்ணி குடிப்பாங்க, ஒவ்வொண்டிலயும் ரெண்டு மூண்டு கரண்டி சீனி, கூட்டிப் பாத்தா 50 கிராமுக்கு மேல போகுது, உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள்ள நிண்டா நல்லம் எண்டு சொல்லுது. அதோட காலமை பாண், இரவு கொத்து ரொட்டி இல்லாட்டி பராட்டா. எங்கட ஊரிலயே பெரிய மா ஆலை இருக்கு, கோதுமை மா இல்லாத வீடு இல்ல, நானும் முழுசா விடேல்ல, ஆனா தம்பலகாமத்துச் சிவப்பரிசிச் சோறு, குரக்கன் பிட்டு, பயறு, கௌபி எண்டு மாத்தினாப் பிறகு உடம்பும் குறைஞ்சுது, முழங்காலும் லேசாச்சு. ஒரு கிலோ நிறை குறைஞ்சா ஒவ்வொரு அடி வைக்கேக்கயும் முழங்கால்ல விழுற பாரம் நாலு கிலோ குறையும் எண்டு ஆய்வில கணக்குப் போட்டிருக்கிறாங்க, இது தேய்மானக்காரருக்கு எந்தக் கசாயத்தையும் விடப் பெரிய மருந்து. முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி சுண்டல், மூதூர்ப் பக்கத்து எருமைத்தயிர் எல்லாம் நல்ல சாப்பாடு, அதுகளைச் சாப்பாடாவே சாப்பிடுவம்.

பழச்சாறு எண்டாலும் கவனம். காமரங்காய், பிலிம்பிக்காய்ச் சாறு சுகருக்கும் கொலஸ்ட்ரோலுக்கும் நல்லது எண்டு வெறும் வயித்தில கிளாஸ் கிளாஸாக் குடிச்சு, அதில இருக்கிற ஒக்சலேற் எண்ட உப்பு கிட்னியில படிஞ்சு ஆஸ்பத்திரியில கிடந்த ஆக்களைப்பத்தி எங்கட நாட்டு டொக்டர்மாரே எழுதியிருக்கிறாங்க. சிகரெட்டும் பீடியும் என்ட ரூமட்டோயிட் வருத்தத்தை வரவும் வைக்கும், மருந்தின்ட வேலையையும் குறைக்கும். முரசு வருத்தத்துக்கும் ரூமட்டோயிட்டுக்கும் தொடர்பு இருக்கு, பல்லு டொக்டரிட்டயும் போகவேணும்.

கன்னியா வெந்நீர்க் கிணத்தில குளிச்சா நோவு குறையுது எண்டு சொல்லுறவங்க பொய் சொல்லேல்ல, நானும் போறனான், சூட்டுத் தண்ணி விறைப்பை இளக்கும், ஆனா உள்ளுக்க நடக்கிற அழற்சி அதால நிக்காது.

அதால என்ட கோரிக்கை இதுதான். கோணேசபுரியில கிழக்குப் பல்கலைக்கழகத்தின்ட திருகோணமலை வளாகத்தில சித்த மருத்துவத்தைப் பட்டப்படிப்பாவே படிப்பிக்கிறாங்க. அங்க படிப்பிக்கிற ஒரு சித்த மருத்துவரையும் மூட்டு வருத்தம் பாக்கிற ஒரு டொக்டரையும் ஒரே பக்கத்தில எழுத வையுங்கோ. முடக்கொத்தான் ரசம் எழுதினா கீழ, மெத்தோட்ரெக்சேட் எடுக்கிறவர், கர்ப்பமா இருக்கிறவ, கிட்னி வருத்தக்காரர் என்ன செய்ய வேணும் எண்டு ரெண்டு பேரும் சேந்து சொல்லட்டும். "குளிசையை நீங்களா நிப்பாட்டாதேங்கோ" எண்ட வரி ஒவ்வொரு கிழமையும் வரட்டும். லேபல் இல்லாத பொடி விளம்பரத்தை வாங்காதேங்கோ, காசு வந்தாலும். மாரி மழை தொடங்கினா எங்கட பக்கத்தில எல்லாருக்கும் மூட்டுப் பிடிக்கும், பொடிக்காரரும் அப்பதான் வீடு வீடா வருவாங்க, அதுக்கு முதல் ஒரு ஞாயிறு இந்தப் பக்கம் வந்திட்டா நான் வெட்டியெடுத்து சாம்பல்தீவு அக்கா வீட்டையும் கிளினிக் வாங்கிலயும் கொண்டுபோய்க் குடுப்பன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
உப்புவெளி, திருகோணமலை.