ஊருணிக்கரைப் பூங்காத் திருப்பணி: நிறைவு அறிக்கை

ஊர்ப் பெரியவர்களுக்கும், வெளிநாட்டில் இருந்துகொண்டு பணம் அனுப்பியவர்களுக்கும், சந்தா கட்டிய எல்லா உறுப்பினர்களுக்கும் குழுவின் வணக்கம்.

ஊருணியைச் சுற்றிய நடைபாதை, நிழல் மண்டபம், விளையாட்டுத்திடல், கடற்கரைக்குப் போகும் தடம் ஆகிய நான்கு வேலைகளும் முடிந்துவிட்டன. வரவு செலவுப் பேரேடும் ரசீதுக் கட்டும் நூலகத்தில் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து புரட்டலாம். புரட்டிப் பார்க்காமல் டீக்கடையில் கணக்குக் கேட்கிறவர்களுக்காகத்தான் அறிக்கை இவ்வளவு நீண்டுவிட்டது.

நடைபாதையில் யாருக்கும் குறை இல்லை என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். நீளம் 480 மீட்டர், அகலம் 1.8 மீட்டர். அடியில் 150 மில்லிமீட்டர் கிராவல் கொட்டி, தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டி இறுக்கி, அதன்மேல் 30 மில்லிமீட்டர் எம்-சாண்ட் பரப்பி, 60 மில்லிமீட்டர் பேவர் கல் பதித்திருக்கிறோம். இரண்டு ஓரமும் கெர்ப் கல் கட்டியாயிற்று. ஓரக்கல் இல்லாவிட்டால் முதல் மழையிலேயே கற்கள் விலகிவிடும். சக்கர நாற்காலி ஏறும் சரிவு 12 அடி நீளத்துக்கு 1 அடி உயரம்.

இனி மண்டபத் தூண் விவகாரம். மண்டபத்துக்கு எட்டுத் தூண்கள். நான்கை எழுப்பினோம், அந்த நான்கையும் நாங்களே இடித்தோம். "கட்டின தூணை இடிக்கிற கமிட்டி" என்று ஊரெல்லாம் பேச்சு. நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறோம்.

ஒப்பந்தத்தில் எம்-30 வலிமைக் கலவை என்றும், கம்பிக்கு மேல் 50 மில்லிமீட்டர் கவர் (கம்பியை மூடும் கான்கிரீட் கனம்) என்றும், கலவைக்கும் வார்த்தபின் நனைத்து வைக்கும் கியூரிங்குக்கும் குடிநீர் டேங்கர்த் தண்ணீர் மட்டுமே என்றும் தனித்தனியாக எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறோம். அடித்தளம் போடும்போது டேங்கர் வந்தது. தூணுக்கு வரவில்லை. ஒப்பந்தக்காரர் பக்கத்துத் தோப்பின் போர்த் தண்ணீரைக் குழாய் போட்டு இழுத்து, நான்கு தூண்களை ஒரே நாளில் வார்த்துவிட்டார். மறுநாள் சென்ட்ரிங் தகட்டின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்ததைப் பார்த்துத்தான் தண்ணீரைச் சோதிக்கச் சொன்னோம். ஒரு குப்பியில் தண்ணீரை எடுத்துச் சில்வர் நைட்ரேட் சொட்டு விட்டதும் தயிர் போலத் திரிந்தது. குடிநீரில் இலேசாகக் கலங்குவதோடு நின்றுவிடும். ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்த்ததில் லிட்டருக்கு 4 கிராம் குளோரைடு, அதாவது உப்பின் கூறு. கடல் நீரில் இருப்பது சுமார் 19 கிராம். கம்பி போட்ட கான்கிரீட்டின் கலவைத் தண்ணீரில் லிட்டருக்கு அரை கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்தியத் தரநிலை 456 சொல்கிறது.

ஒப்பந்தக்காரர் இரண்டு நியாயங்கள் சொன்னார். ஊரில் பாதி வீடுகள் இந்தத் தண்ணீரில்தான் நிற்கின்றன என்பது ஒன்று. நிற்கின்றனதான்; எந்தத் தெருவில் நடந்தாலும் சன்ஷேடு அடியில் காரை வெடித்துத் துருக்கம்பி தெரிவதையும் பார்க்கலாம். இரண்டாவது, அதே கலவையில் வார்த்த கட்டியை நசுக்கிப் பார்க்கும் ஏழு நாள் கியூப் சோதனையின் முடிவைக் கொண்டுவந்து நீட்டினார். அழுத்த வலிமை எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவே இருந்தது. உறுப்பினர்கள் பலர் அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் குழு வம்பு பண்ணுகிறது என்று முடிவு கட்டினார்கள். உப்பு கலந்தால் கான்கிரீட் தொடக்கத்தில் வேகமாக இறுகும். ஆகையால் ஏழு நாள் கியூப் நன்றாக வருவதில் வியப்பில்லை. உப்பின் வேலை கல்லில் இல்லை, கம்பியில். சிமெண்ட் கம்பியைச் சுற்றித் தரும் காப்பை குளோரைடு கெடுத்துவிடும். பிறகு கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அந்த அழுத்தத்தில் மேல்கான்கிரீட் நீளவாக்கில் பிளந்து கொட்டும். கியூபில் கம்பியே கிடையாது. பிறகு அது எதைக் காட்டும்?

கணக்கும் போட்டுக் காட்டினோம். ஒரு கன மீட்டர் கலவைக்குச் சுமார் 186 லிட்டர் தண்ணீர். லிட்டருக்கு 4 கிராம் என்றால் 744 கிராம் குளோரைடு தண்ணீரிலிருந்தே உள்ளே போகிறது. மணல், ஜல்லி, சிமெண்ட் எல்லாம் சேர்த்தே கன மீட்டருக்கு 600 கிராம்தான் அளவு. கடற்காற்று இனி வருடக்கணக்காகத் தூவப்போகும் உப்பு இதில் சேரவில்லை.

இதைவிட வயிற்றெரிச்சலான கணக்கு ஒன்று உண்டு. ஒரு தூண் ஓர் அடிக்கு ஓர் அடி, பத்தடி உயரம். கால் கன மீட்டருக்குச் சற்று மேல். நான்கு தூண்களுக்கும் சேர்த்துக் கலவைக்கு வேண்டிய தண்ணீர் சுமார் 210 லிட்டர், ஏறக்குறைய ஒரு பீப்பாய். ஒரு பீப்பாய் நல்ல தண்ணீருக்காக டேங்கரை வரவழைக்க மனமில்லாமல் செய்த வேலை இது.

கவரும் சரியில்லை. 50 மில்லிமீட்டர் கவர் பிளாக்குக்குப் பதிலாகக் கைக்குக் கிடைத்த ஜல்லியைச் சொருகியிருந்தார்கள். ஒரு தூணை உளியால் கொத்திப் பார்த்தபோது ஒரு பக்கம் விரல் கடை அளவுக்குள் கம்பி தட்டியது.

பெயிண்ட் அடித்தால் போதாதா, எபாக்சி பூசக் கூடாதா என்று கேட்டவர்களுக்கு: உப்பு வெளியிலிருந்து வந்தால் பூச்சு தடுக்கும். உள்ளேயே கலந்துவிட்ட உப்பைப் பூச்சு மூடித்தான் வைக்கும்.

இடிப்பதிலும் அவசரப்படவில்லை. பிரேக்கர் வைத்தால் அதிர்வில் அடித்தளத்துக்கும் கம்பிக்கும் உள்ள பிடிப்புத் தளரும் என்பதால் கீழ் மூன்றடியைக் கையுளியால் கொத்தி எடுத்தோம். அடித்தளத்தைத் துளைத்து எடுத்த தூளை நல்ல தண்ணீரில் ஊறவைத்துச் சோதித்தோம். அதில் குறையில்லை, ஆகையால் அதை இடிக்கவில்லை. அடித்தளத்திலிருந்து மேலே நீட்டியிருந்த 16 மில்லிமீட்டர் கம்பிகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவி, புதுக்கம்பியை அவற்றோடு 80 சென்டிமீட்டர் சேர்த்து மேலேற்றிக் கட்டினோம். பழைய தூணின் கம்பி ஒன்றைக்கூடத் திரும்பப் பயன்படுத்தவில்லை. அது பழைய இரும்புக்குப் போன தொகை பேரேட்டில் வரவு வைக்கப்பட்டிருக்கிறது.

இதனால் ஆன மிகைச்செலவு 68,000 ரூபாய். கம்பியும் சிமெண்டும் ஜல்லியும் 16,000. சென்ட்ரிங் வாடகையும் கூலியும் 22,000. மீதி 30,000 இரண்டாவது ஒப்பந்தக்காரரின் கூலி வித்தியாசம். இடித்த கூலியை முதல் ஒப்பந்தக்காரர் ஏற்றுக்கொண்டார். வார்த்த நான்கு தூண்களுக்கு அவருக்குக் காசு கொடுக்கவில்லை. வழக்குப் போட்டிருக்கலாமே என்கிறார்கள். போட்டிருந்தால் தீர்ப்பு வரும்வரை மண்டபம் அரைகுறையாக நின்றிருக்கும், கம்பிகள் காற்றில் துருப்பிடித்திருக்கும். இரண்டாமவர் குழுவுக்கு வேண்டியவர் என்ற பேச்சுக்குப் பதில்: மூன்று விலைப்புள்ளிகளும் கோப்பில் இருக்கின்றன, அவருடையது நடுவிலது. குறைந்த விலைப்புள்ளியை எடுத்து ஒருமுறை பட்டது போதும் என்று பொதுக்கூட்டத்தில் கைதூக்கியவர்களில் இன்று கேள்வி கேட்பவர்களும் உண்டு.

அடுத்த புகார்: ஊருணியை ஏன் இன்னும் ஆழப்படுத்தவில்லை? ஜேசிபி நின்றபோதே இன்னும் ஆறடி தோண்டியிருந்தால் கோடையிலும் தண்ணீர் நிற்குமே என்கிறார்கள். நம் கடற்கரையில் நல்ல தண்ணீர் என்பது மணலுக்குள் உப்புநீரின் மேல் மிதக்கும் மெல்லிய அடுக்குதான். நல்ல தண்ணீர் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி இருந்தால் கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது பொதுக்கணக்கு. மேலே ஓர் அடி இறங்கினால் கீழே உப்பு 40 அடி ஏறி வரும். பள்ளத்தை ஆழமாக வெட்டித் திறந்துவிட்டால் வெயிலில் ஆவியாகியே மட்டம் இறங்கும். அதோடு, ஊருணியின் அடியில் முன்னோர் விட்டுவைத்த களிமண் படுகையைக் கிழித்துவிட்டால் மழைத்தண்ணீர் மணலுக்குள் ஓடிவிடும். அதனால் வண்டலை மட்டும் எடுத்தோம், களி தெரிந்த இடத்தில் நிறுத்தினோம். மணலை விற்றுவிட்டோம் என்பவர்கள் ஊருணிக்குள் இறங்கிப் பார்க்கட்டும், மணலே வெட்டவில்லை. வண்டலில் ஒரு பங்கு மரக்குழிகளுக்கு, மீதி கேட்டவர்களின் வயலுக்கு. வரத்துக்காலில் இருந்த சீமைக்கருவேலத்தை வேரோடு பிடுங்கினோம். வெட்டிவிட்டால் தூரிலிருந்து துளிர்த்துவிடும்.

கடல் பக்கத்தில் கான்கிரீட் பாதையும் ஹைமாஸ் விளக்கும் ஏன் இல்லை என்று மூன்று கூட்டத்திலும் கேட்டாயிற்று. 2019 கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கைப்படி நம்முடையதைப் போல மக்கள் நெருக்கம் குறைந்த கிராமக் கரையில், உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை கட்டுமானத் தடை. போட்டிருந்தாலும் கச்சான் காற்றுக் காலத்தில் மணல் மூடிவிடும். எனவே பேவர் கல் அந்த எல்லையோடு முடிந்துவிடுகிறது. பனங்கட்டைகள் நட்டு அடையாளமிட்ட மணல் தடம்தான். தடத்தின் இருபக்கமும் அடப்பங்கொடியையும் இராவணன் மீசையையும் யாரும் பிடுங்க வேண்டாம், மணல்மேட்டைக் கட்டி வைத்திருப்பது அவைதான். விளக்கு விஷயத்தில் குழு இறங்கி வராது. தை முதல் பங்குனி வரை ஆமைகள் முட்டையிட ஏறும். பொரித்த குஞ்சுகள் வெளிச்சமான திசையைக் கடல் என்று நினைத்து ஊரைப் பார்த்து நகரும், நாய்க்கும் காக்கைக்கும் இரையாகும். ஊருணிக்கரையில் மட்டும் மஞ்சள் ஒளி, மூடி போட்ட சோலார் விளக்குகள்.

புல்தரை கேட்டவர்களுக்கு ஒரே பதில்: ஒரு சதுர மீட்டருக்கு வெயிலில் நாளொன்றுக்குச் சுமார் 5 லிட்டர் வேண்டும். 1,000 சதுர மீட்டர் புல்லுக்கு 5,000 லிட்டர். குடத்தோடு வரிசையில் நிற்கும் ஊரில் அதை யார் ஊற்றுவது? ஐப்பசி மழைக்கு முன் வேம்பு, புன்னை, உடை மரக் கன்றுகளை நட்டோம். பூவரசு போத்தாக, அதாவது கிளையை வெட்டி, ஊன்றியது. கடற்காற்று நேரே அடிக்கும் தெற்கு ஓரத்தில் உகாயும் தாழையும் முதல் வரிசை. அதற்குப் பின்னால் நட்டவை இலை கருகாமல் இருக்கின்றன, முன்னால் அழகுக்கு வைக்கச் சொன்ன கொன்றை இரண்டும் பட்டுவிட்டன.

கபடித் தளம் 13-க்கு 10 மீட்டர், வாலிபால் 18-க்கு 9, வெயில் கண்ணில் படாதபடி வடக்குத் தெற்காக. கிரிக்கெட்டுக்கு இடமில்லை. சறுக்குமரம் வார்ப்புப் பிளாஸ்டிக், கால்கள் துத்தநாகத்தில் முக்கியெடுத்த குழாய், போல்ட்டுகள் 316 ரக எஃகு. விலை கூடுதல்தான், 304 ரகம் கடலோரத்தில் புள்ளிபுள்ளியாக அரிக்கும்.

கொடுத்தவர்கள் பட்டியல் தெருவாரியாகப் பலகையில் இருக்கிறது. பெஞ்சிலும் தூணிலும் உபயம் என்று பெயர் பொறிப்பதில்லை என்பது பொதுக்கூட்ட முடிவு. அதற்காகக் கோபித்துக்கொண்டவர்களும் பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை, நன்றி. கடற்கரைத் தெரு நாட்டுப்படகுக்காரர்கள் ஒரு நாள் மீன்பாட்டைக் கொடுத்தார்கள். கடற்பாசி எடுக்கும் பெண்கள் தங்கள் மகளிர் குழுக்கள் மூலம் கொடுத்தது மண்டபத்துத் தரைக்கு. சங்கு குளிப்பவர்கள், கருவாட்டு வியாபாரிகள், மேலத்தெரு கருப்பட்டி காய்ச்சும் குடும்பங்கள், பள்ளிவாசல் ஜமாஅத், அம்மன் கோயில் நிர்வாகம், மாதா கோயில் பங்குச் சபை, சவூதியிலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் உள்ள நம் பிள்ளைகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், ஆட்டோ நிறுத்தத்தார், மளிகைக்கடையில் உண்டியல் வைத்தவர்கள், கூலியில் பாதி வாங்கிக்கொண்ட கொத்தனார்கள், டீசல் மட்டும் வாங்கி டிராக்டர் ஓட்டிய இளைஞர்கள், கன்று சுமந்த பள்ளிப் பிள்ளைகள். விட்டுப்போன பெயரை நூலகத்தில் சொன்னால் பலகையில் ஏற்றுவோம்.

கையிருப்பு 11,400 ரூபாய். இது ஆண்டு விழாவுக்கு அல்ல, பராமரிப்புக்கு. ஊஞ்சல் சங்கிலி மாட்டும் கொக்கியை மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு தேய்ந்திருந்தால் உடனே மாற்ற வேண்டும். பேவர் இடுக்கு மணலை மழைக்குப் பின் நிரப்ப வேண்டும். சோலார் தகட்டில் படியும் உப்பை நல்ல தண்ணீர்த் துணியால் வாரம் ஒருமுறை துடைக்க வேண்டும். பூங்காக் கதவுச் சாவியை வாங்கிக்கொள்ள தெருவுக்கு ஒருவர் வரும் பொதுக்கூட்டத்தில் பெயர் கொடுக்கவும். இந்தக் குழு அன்றோடு கலைகிறது.